‘கொட்டன்’ ஆருடைய பிழை?

முதலாம் வருடத்தில் என்னுடைய ஆங்கிலக் கட்டுரை ஒன்று சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘கெட்’ என்ற வினையின் மூன்றாம் வடிவத்தை ‘கொட்டன்’ எண்டு எழுதியிருந்தேன். பக்கத்தில் ஒரு குறிப்பு: "அமெரிக்கக் கொச்சை". படம் பார்த்துக் கெட்டுப்போனேன் எண்டு நானும் நம்பிவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால் கதை தலைகீழ்.

‘கொட்டன்’ இங்கிலாந்தின் பழைய சொல். 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளில், ஆதியாகமம் நாலாம் அதிகாரத்திலேயே, காயீனைப் பெற்ற ஏவாளின் வாயில் அது இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறியவர்கள் அதையும் கூடவே கொண்டுபோனார்கள். பிறகு இங்கிலாந்தின் பொது வழக்கில் அது தேய்ந்து ‘கொட்’ மட்டும் மிஞ்சியது. அமெரிக்கர் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ‘ஐ ஹாவ் கொட்’ என்றால் என்னட்ட இருக்கு. ‘ஐ ஹாவ் கொட்டன்’ என்றால் எனக்குக் கிடைச்சிட்டுது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இலையுதிர் காலத்துக்கு அமெரிக்கர் சொல்லும் ‘ஃபோல்’ என்பதும் இப்படி இங்கிலாந்திலிருந்து போனதுதான்.

‘அமெரிக்கனிசம்’ என்ற பெயரை 1781இல் உண்டாக்கியவர் ஜோன் விதர்ஸ்பூன். இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும்கூட. அரசனை வேண்டாம் எண்டவர், அரசனுடைய நாட்டு வழக்கை அளவுகோலாக்கி அமெரிக்கரின் பேச்சில் குறை பிடித்தார். அதைவிட வேடிக்கை, அவர் ஸ்கொட்லாந்துக்காரர். ‘ஸ்கொட்டிசிசம்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் இதை ஆக்கினார். அந்தக் காலத்தில் படித்த ஸ்கொட்லாந்தியர் தங்கள் ஆங்கிலத்துக்காகக் கூச்சப்பட்டார்கள். தத்துவஞானி டேவிட் ஹியூமே தவிர்க்கவேண்டிய ஸ்கொட்டியப் பிரயோகங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். எங்கட கம்பஸில் சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், எண்டு சொல்லுவினம். விதர்ஸ்பூனின் ஊரையும் அந்த வாள் வெட்டித்தான் இருந்தது.

நோவா வெப்ஸ்டர் மற்றப் பக்கம் நிண்டவர். 1789இலேயே அமெரிக்காவுக்குத் தனி மொழித்தரம் வேணும் எண்டு வாதாடி, 1828இல் ஏறக்குறைய 70,000 சொற்களோடு அகராதி போட்டார். ‘கலர்’ என்பதிலிருந்து ஒரு எழுத்தை வெட்டினது நிலைத்தது. நாக்குக்கான சொல்லை ஒலிப்படி எழுதச் சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த சோதனையில் நான் ‘கொட்’ எண்டுதான் எழுதினேன். புள்ளி வேணுமே. பழைய தாள் இன்னும் என்னட்ட இருக்கு. அதில் ‘கொச்சை’ என்ற சொல்லை நீல மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.