யார் பணம், யார் பெயர்: பாஃபோகெங் நிலங்களின் கிரய வரலாறு

தென்னாப்பிரிக்காவின் ருஸ்டன்பர்க் நகரைச் சுற்றி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலம் பாஃபோகெங் மக்களுடையது. அதன் அடியில் உலகின் வளமிக்க பிளாட்டினப் படிவுகளில் ஒன்று ஓடுகிறது. அந்த நிலத்தில் பெரும்பகுதியை அவர்கள் தங்கள் உழைப்பின் காசைக் கொடுத்துக் கிரயம் பெற்றார்கள். ஆனாலும் நூறாண்டுக்கும் மேலாகப் பத்திரங்களில் இருந்தது பிறர் பெயர்: முதலில் ஒரு ஜெர்மானியப் பாதிரியார், பின்னர் அரசு. பழங்குடிகளின் நிலத்தை இப்படி டிரஸ்டில் வைத்ததே அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்வோர் இன்றும் உண்டு. சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்தைக் காத்தது வாங்கியவர்களின் ஒற்றுமையும் விடாப்பிடியும்தான். சொந்தப் பெயரில் வாங்கும் உரிமையைப் பறித்த சட்டம், அவர்கள் தலையில் கட்டிய நிபந்தனையே டிரஸ்ட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ருஸ்டன்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலில் குடியேறிய டச்சு வம்சாவளிப் போயர்கள், பாஃபோகெங் மக்கள் வாழ்ந்த மண்ணைத் தங்களுக்குள் பண்ணைகளாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். குடியுரிமை பெற்றவரே நிலம் வைத்திருக்கலாம், கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை கிடையாது என்று 1855-இல் அவர்களுடைய சட்டமன்றம் தீர்மானித்தது. தலைமுறைகளாக உழுத மண்ணில் அம்மக்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். அவர்களின் அரசர் மொகாட்லே போரையும் நாடவில்லை, மன்றாடவும் இல்லை. கிம்பர்லியில் வைரச் சுரங்கங்கள் திறந்தபோது இளைஞர்களை ஒத்த வயதினரின் படைப்பிரிவுகளாக அங்கே வேலைக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த கூலியில் ஒரு பங்கு பொது நிதிக்குச் சேர்ந்தது. அந்த நிதியைக் கொண்டு பண்ணைகள் ஒவ்வொன்றாக வாங்கப்பட்டன. ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பென்ஸ்ஹார்ன் பாதிரியார் தம் பெயரில் அவற்றைப் பதிவு செய்து, மக்களுக்காக வைத்திருந்தார். அவர் நம்பிக்கைத் துரோகம் செய்யவில்லை. அது அவருடைய குணத்துக்குச் சான்று; ஏற்பாட்டின் நியாயத்துக்குச் சான்று ஆகாது. ஒரு தனி மனிதரின் நேர்மையை நம்பி ஒரு சமூகமே தன் மண்ணை ஒப்படைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்தப் பழக்கத்தை 1881-இல் பிரிட்டனும் போயர்களும் செய்துகொண்ட பிரிட்டோரியா உடன்படிக்கை சட்டமாகவே ஆக்கியது. அதன் 13-ஆம் பிரிவின்படி கறுப்பினத்தவர் நிலம் வாங்கலாம். ஆனால் அது அரசு ஆணையம் ஒன்றின் பெயரில், அவர்களுக்கான டிரஸ்டாகவே பதிவாகும். பாதிரியார் இருந்த இடத்தில் அரசு வந்து அமர்ந்தது. அதே டிரான்ஸ்வாலில் 1885-இன் மூன்றாம் சட்டம் ஆசியர்களையும், அரசு குறித்துக் கொடுத்த பகுதிகளுக்கு வெளியே நிலம் வாங்கவிடாமல் தடுத்தது. தமிழர் உட்பட அங்கிருந்த இந்தியர் அனைவரையும் அது கட்டுப்படுத்தியது. 1905-இல் எட்வர்ட் ட்செவு என்ற ஆப்பிரிக்கப் பாதிரியார், தாம் வாங்கிய மனையைப் பதிவாளர் பதிய மறுத்ததை எதிர்த்து வழக்காடி வென்றார். ஆப்பிரிக்கர் தம் சொந்தப் பெயரில் பதிவு செய்யத் தடையில்லை என்று டிரான்ஸ்வால் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, டிரஸ்ட் தவிர்க்க முடியாத ஏற்பாடாக இருந்ததில்லை. அந்தக் கதவைப் பெருமளவு மூடியது 1913-இன் நிலச் சட்டம். நாட்டின் பரப்பில் சுமார் 7 விழுக்காட்டை ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே அவர்கள் வாங்குவதை அது தடுத்தது.

தனித்தனிப் பெயரில் இருந்திருந்தால் கடனுக்கும் வஞ்சகத்துக்கும் நிலம் பறிபோயிருக்கும், டிரஸ்ட் என்பதால்தான் விற்க முடியாமல் நிலைத்தது என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் விற்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை ஒரு சமூகம் தன் கூட்டுப் பெயரிலேயே விதித்துக்கொள்ள முடியும். அதற்கு அரசின் சார்பில் அமைச்சர் ஒருவர் உரிமையாளராக வேண்டிய தேவை இல்லை. டிரான்ஸ்வாலிலேயே இருந்த மொகோபா ஊரின் கதி இதைக் காட்டுகிறது. அங்கும் பாக்வேனா மக்கள் 1911 முதல் பணம் திரட்டிப் பண்ணைகளை வாங்கினார்கள். அவையும் அவர்களுக்காக டிரஸ்டிலேயே இருந்தன. வெள்ளையர் பகுதிக்குள் கிடக்கும் ‘கரும்புள்ளி’ என்று சொல்லி, 1984 பிப்ரவரியில் போலீஸைக் கொண்டு அவர்களை அரசு வெளியேற்றியது. அந்த வெளியேற்றம் செல்லாது என்று மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தும், அரசு நிலத்தைக் கையகப்படுத்திக்கொண்டது. காவல் இருக்க வேண்டிய கையே பறித்தது. டிரஸ்டியைக் கேள்வி கேட்கவும் மாற்றவும் பயனாளிக்கு உரிமை இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏது?

பாஃபோகெங் மக்களும் இதே ஆபத்தைப் பிளாட்டினத்தின் வழியாகச் சந்தித்தார்கள். 1924-இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி படிவைக் கண்டறிந்தார். 1960-களின் இறுதியில் இம்பாலா நிறுவனம் அவர்கள் நிலத்தில் தோண்டத் தொடங்கியது. 1977-இல், கறுப்பினத்தவருக்கென நிறவெறி அரசு வகுத்த போபுதட்ஸ்வானா ‘சுதந்திர’ நாடாக அறிவிக்கப்பட்டதும் டிரஸ்டி அதிகாரம் அதன் தலைவர் லூகாஸ் மங்கோபேயிடம் போனது. அவரோடு மோதிய அரசர் லெபோனே மோலோட்லெகி 1988-இல் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. ஆனாலும் சுரங்க உரிமைக்காகத் தொடுத்த வழக்கை மக்கள் கைவிடவில்லை. நெடிய சட்டப் போராட்டத்துக்குப் பின் 1999-இல் இம்பாலா உடன்பாட்டுக்கு வந்தது: வரிக்குட்பட்ட வருமானத்தில் 22 விழுக்காடு வரை ராயல்டி, கூடவே பத்து லட்சம் பங்குகள். இது தங்கள் முன்னோர் விலை கொடுத்து வாங்கிய நிலம் என்பதே அவர்கள் கோரிக்கையின் அடித்தளம். டிரஸ்டியின் கருணையால் வந்த வெற்றி இல்லை இது. டிரஸ்டியை எதிர்த்துப் பெற்றது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. சில பண்ணைகளை வாங்கியவை தனித்தனிக் குழுக்கள். அரசுதான் அவற்றை ‘பழங்குடி’ என்ற ஒற்றைத் தலைப்பில் அடக்கியது என்கிறார்கள் அவர்களின் வாரிசுகளில் பலர். டிரஸ்ட் நிலங்களைத் தன் பெயருக்கு மாற்றக் கோரி 2008-இல் பாஃபோகெங் அரசரின் நிர்வாகம் நீதிமன்றம் சென்றபோது, நிலம் வாங்கியோர் சங்கம் அதை எதிர்த்தது. இந்த எதிர்ப்பு என் வாதத்தைத் தகர்க்கவில்லை, அதை இன்னும் கூர்மையாக்குகிறது. வாங்கியவர் பெயரை அழித்துவிட்டு மேலிருந்து ஒரு பெயரை எழுதும் ஏற்பாடு, அமைச்சரை உரிமையாளராக்கியது போலவே அரசரையும் உரிமையாளராக்கிவிடக்கூடும். ஆகவே காலனிய கால டிரஸ்ட் நிலங்களைத் திருப்பித் தரும்போது, பத்திரத்தில் உள்ள பெயரை அடுத்த அதிகாரிக்கு மாற்றி எழுதுவது நீதியாகாது. எந்த ஊர், எந்தக் குழு, எந்த ஆண்டில், யாருடைய உழைப்பைக் கொண்டு வாங்கியது என்று பண்ணை பண்ணையாக விசாரித்து, அந்த உரிமையை அவர்களிடமே சேர்க்க வேண்டும். கிம்பர்லியின் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்த இளைஞர்களுக்கு நாடு பட்டிருக்கும் கடன் அதுவே.