இல்லற உழைப்புக்குச் சாட்சி

தலாக்கின்போது மஹரும் இத்தாக் காலச் செலவும் பேசப்படுகின்றன. இருவரும் கூடி உழைத்துச் சேர்த்த பொருளில் மனைவியின் பங்கு யாது என்ற வினாவோ அரிதாகவே எழுகிறது. எழுந்தாலும், "ஆதாரம் உண்டா?" என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. இவ்வினாவை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்ட ஒரு காஜியை இங்கே நினைவுகூர்வோம்.

மொராக்கோவின் வடபுல மலைநாடு குமாரா. ஆங்கு அறுவடையும் கதிரடிப்பும் பெண்களுக்கும் உரிய பணிகள். ஷஃப்ஷாவன் நகரக் காஜி அஹ்மத் இப்னு அர்ளூன் (மறைவு ஹிஜ்ரி 992, கி.பி. 1584) அவர்களிடம், இவ்வாறு உழைத்த பெண்ணுக்குக் கணவன் இறந்தபின் வாரிசுரிமை மட்டும்தானா, விளைச்சலிலும் பங்குண்டா என்று வினவப்பட்டது. பங்குண்டு என்றார் அவர்.

பங்கை அளந்த முறைதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. உழைத்தோரின் தலைக்கணக்கில் விளைச்சலைப் பிரிக்கலாம் என்று ஃபாஸ் நகர முஃப்தி அல்கவ்ரீ முன்னரே கூறியிருந்தார். அவரவர் உழைப்பின் அளவையும் பார்க்க வேண்டும் என்றார் குமாரா முஃப்தி இப்னு கஜ்ஜூ. நிலமும் மாடும் கருவியும் யாருடையவை என்பதையும் கணக்கிற் சேர்த்தார் இப்னு அர்ளூன். இருவர் பக்கமும் நீதி இதனால் நிறைவெய்தியது. 'அல்கத்து வஸ்ஸிஆயா', அதாவது பாடும் முயற்சியும் எனப் பெயர்பெற்ற இவ்வுரிமை தலாக்கிற்கும் பொருந்தியது. தென்புல ஸூஸ் நாட்டு ஃபகீஹ்களும் இதனைப் போற்றினர்.

அப்பெண்களிடம் பத்திரம் ஏது? அவர்கள் உழைப்பை ஊரே அறிந்திருந்தது. ஊர் வழக்கமே சான்றாயிற்று. ஆனால் வயலில் இறங்காத நகரப் பெண்களுக்கு இவ்விதி எட்டவில்லை.

2004 ஆம் ஆண்டின் மொராக்கோ குடும்பச் சட்டம், 49 ஆம் பிரிவில் இக்குறையை நோக்கியது. தம்பதியரின் சொத்து தனித்தனியே. எனினும் மணவாழ்வில் சேரும் பொருள் பற்றி நிக்காஹ் ஒப்பந்தத்துக்குப் புறம்பான தனி ஆவணத்தில் உடன்பாடு எழுதிக்கொள்ளலாம். உடன்பாடு இல்லையெனில் பொதுவான சான்று விதிகள் பொருந்தும்; ஒவ்வொருவரின் உழைப்பும் முயற்சியும் சுமந்த பாரமும் கருதப்படும்.

நம் வீடுகளில் மனைவியின் நகை கணவனின் கடைக்கு முதலாகிறது. அவளது தையல் வருவாய் வீட்டுச் சுவராகிறது. இதைக் கண்ட ஊர் எது? கடனை எழுதிவைக்குமாறு பணிக்கிறது பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம். அன்பு நிலவும் நாளிலேயே இதையும் எழுதிவைப்பது சந்தேகத்தின் அடையாளமன்று, அமானிதத்தைப் பேணுவதாகும்.