பிக்கப் வண்டியும் ஆயில் கணக்கும்

எங்கள் ஏரியூர்ப் பக்கம் பழைய டிரைவர்களைக் கேட்டால், "5,000 கிலோமீட்டர் ஆச்சா, ஆயிலை மாத்திடு" என்பார்கள். இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அது அன்றைய டீசலுக்கான கணக்கு.

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, அமிலமாகி ஆயிலில் இறங்கும். அதை முறிக்கத்தான் ஆயிலில் காரச்சத்து சேர்க்கிறார்கள். அது தீர்ந்தால் அமிலம் இன்ஜினை அரிக்கும். 2000-இல் நாடு முழுவதற்கும் வைத்த கந்தக வரம்பு கிலோ டீசலுக்கு இரண்டரை கிராம். 2017 ஏப்ரலில் அது 50 மில்லிகிராம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது வெறும் 10 மில்லிகிராம். 250-இல் ஒரு பங்கு! ஆயிலின் தரமும் உயர்ந்தது. கையேட்டில் கிலோமீட்டர் கூடியது அதனால்தான்.

ஆனால் கடும் உழைப்புள்ள வண்டிக்கு அந்தக் கிலோமீட்டரைக் குறைக்கச் சொல்வார்கள். பென்னாகரத்துக்குப் புளி மூட்டை ஏற்றி, மேடு பள்ளத்தில், புழுதியில் ஓடும் வண்டி வேறென்ன? தவணையில் வாங்கிய வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தால் ஒரு போக வெள்ளாமை போச்சு.

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. பி.எஸ். 6 வண்டியில் குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால்தான் கவலை. புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். அப்போது கிலோமீட்டர் பார்க்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.