ஒரு வெள்ளி

அம்மா கிளினிக்குக் கிளம்பும் காலையில் அடையாளக் கார்டைத் தேடுவதற்கு முன்பே ஒரு வெள்ளியைத் தேடுவார். கையில் பத்து வெள்ளி நோட்டு இருந்தாலும் மனம் ஒப்பாது. சில்லறை இல்லையென்று கவுண்டரில் சொல்லிவிட்டால் வரிசை போய்விடும் என்ற பயம். முதல் நாள் இரவே மளிகைக் கடையில் மாற்றி, சுருக்குப்பையில் தனியாக மடித்து வைத்திருப்பார். கெடாவில் எங்கள் தோட்டத்திலிருந்து புக்கிட் செலம்பாவ் பக்கம் போகும் பேருந்தில் அந்தப் பையை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்திருப்பார். கவுண்டரில் அதை நீட்டினால் ரசீது வரும். ரசீதுக்குப் பின்னால் டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஒரு மாதச் சர்க்கரை மாத்திரை எல்லாம் வரும்.

அந்த ஒரு வெள்ளி எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று நான் பல வருடங்களாகத் தேடி வருகிறேன்.

நாங்கள் ரிங்கிட் என்று சொல்லிப் பழகவில்லை. வெள்ளி என்றே சொல்வோம். மலாயாவில் ஒரு காலத்தில் மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயங்கள் புழங்கின. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி டாலர் வந்தது. உலோகம் போய்க் காகிதம் வந்த பிறகும் தமிழ் வாயில் உலோகத்தின் பெயரே நின்றுவிட்டது. 1967இல் பேங்க் நெகாரா தன் முதல் நோட்டுகளை வெளியிட்டபோது ஒரு வெள்ளித்தாள் கருநீலமாக இருந்தது. அதில் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் முகம். 1989இல் கிரிஸ் பதித்த நாணயம் வந்தது. 2000இல் கினபாலு மலையோடு மறுபடியும் தாள். 2005 டிசம்பரில் அந்த நாணயம் செல்லாது என்றார்கள். 2012இல் வாவ் பட்டம் போட்ட பாலிமர் நோட்டு. அம்மாவின் சுருக்குப்பைக்குள் இத்தனையும் மாறின. கவுண்டரில் கேட்ட தொகை மட்டும் மாறவேயில்லை.

பாட்டி காலத்துக்குப் போனால் ஒரு வெள்ளி பெரிய பணம். 1928இல் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதாரம் சரிந்ததும் 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. ஒரு வெள்ளியைக் கண்ணில் பார்க்க ஒரு பெண் மூன்று நாளுக்கு மேல் பால் வெட்ட வேண்டும். அந்தக் காசில் யாரும் வைத்தியம் பார்த்ததில்லை. வைத்தியம் தோட்டத்துக்காரனின் கடமை. பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது. மற்றவற்றில் ஒரு டிஸ்பென்சரியும் டிரசர் என்ற ஒரு மருத்துவ உதவியாளரும். காய்ச்சல் வந்தால் கொய்னா, புண்ணுக்கு அயோடின், வயிற்றுவலிக்குச் சிவப்புத் தண்ணி மருந்து. துரைமாரின் கருணையால் வந்த ஏற்பாடு அல்ல அது. மலேரியாவில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தால் மரம் வெட்ட ஆள் கிடைக்காது, கப்பலில் புதிதாக ஆள் ஏறவும் மாட்டார்கள் என்ற கணக்கில் சட்டம் அந்தக் கடமையை அவர்கள் தலையில் வைத்தது.

இன்னொரு கட்டாயமும் இருந்தது; எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்த் தொழிலாளியை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும், அந்த ஆள் உழைத்த நாட்களைக் கணக்கிட்டு, அதற்குப் பணம் கட்டியாக வேண்டும். ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவரவும், முடியாமல் போனவரைத் திருப்பி அனுப்பவும் அந்தப் பணம் செலவானது. 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகி, 1999இல் கலைக்கப்பட்டது. கட்டாயமாகப் பிடித்துப் பொதுவில் போட்டு, நலிந்தவனுக்குச் செலவழிக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் பெட்டியின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு தொழிலாளியையும் யாரும் கேட்டதில்லை. கேட்க அவனுக்கு ஓட்டு இல்லை.

ஓட்டு இல்லாத காலத்திலும் எங்கள் வட்டாரத்து மக்கள் சும்மா இருக்கவில்லை. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி, போருக்குப் பின் தொண்டர் படையைத் திரட்டினார். கூலிநாள் மாலையில் வெள்ளி எங்கே போகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். அது தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனது. கடையை நடத்துவதோ தோட்ட நிர்வாகம். கொடுத்த கூலியை மாலையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் கடை. 1947 மார்ச் தொடக்கத்தில் பீடோங்கில் போலீஸ் அடித்து நொறுக்கியதில் ஒரு தொழிலாளி இறந்தார். குடலைக் காப்பதும் கூலியைக் காப்பதும் ஒரே வேலை என்று அந்தப் படையினருக்குத் தெரிந்திருந்தது. கெடாத் தோட்டங்களின் உடல்நல வரலாற்றை யாராவது எழுதினால் அந்த மார்ச் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

சுதந்திரத்தை ஒட்டி வேறு கட்டாயங்கள் வந்தன. 1951இல் சேமநிதி. 1971இலிருந்து சொக்சோ; வேலையிடத்தில் அடிபட்டால், உடல் முடியாமல் போனால் பணம். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு தனிச் சட்டமே போட்டார்கள். சம்பளத்தில் பிடித்தம் என்றால் தோட்டத்தில் முணுமுணுப்பு இருக்கும். ஆனால் விழுந்து கால் உடைந்தவர் வீட்டில் சொக்சோ பணம் அடுப்பெரித்ததைப் பார்த்தவர்கள் அப்புறம் முணுமுணுக்கவில்லை.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டம் துண்டு துண்டாக விற்றுப் போனது. சுங்கைப்பட்டாணி விரிந்து விரிந்து லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகளும் கிடங்குகளும் எழுந்தன. ஜெராய் மலை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. தோட்டம் விற்றபோது லயத்தோடு டிரசரும் போனார். மருத்துவம் பார்க்கும் கடமை நிலத்தோடு ஒட்டியிருந்தது. நிலம் கைமாறியதும் அந்தக் கடமைக்கு ஆளில்லை. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் வாதாடவில்லை. ஒரு திங்கட்கிழமை டிஸ்பென்சரி கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் மக்கள் அரசாங்க கிளினிக்கை நோக்கி நடந்தார்கள். அங்கே காத்திருந்தது அந்த ஒரு வெள்ளி.

அதைச் சட்டத்தில் எழுதியது 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணை. வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளாக வகுத்துப் பார்த்தால் ஒரு வெள்ளி ஏழெட்டு நிமிட வேலை. பாட்டிக்கு மூன்று நாளாக இருந்தது ஏழெட்டு நிமிடமாகியிருக்கிறது. இதை நான் இந்த நாட்டின் பெரிய சாதனை என்றே சொல்வேன். மீதிச் செலவை வரி தாங்குகிறது. அம்மா தாங்கும் வரியும் அதில் உண்டு. அவர் வாங்கும் ஒவ்வொரு சோப்புக் கட்டியிலும் அரசாங்கத்துக்கு ஏதோ ஒரு பங்கு போகிறது. ஏழை இலவசமாக வைத்தியம் பார்க்கிறான் என்று பேசுவோரிடம் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது 2009க்கு வருகிறேன். அந்தப் பிப்ரவரியில் எங்கள் புக்கிட் செலம்பாவ் சட்டமன்ற உறுப்பினர் வி. ஆறுமுகம் பதவி விலகினார். ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை இடைத்தேர்தல். 15 பேர் நின்றார்கள். இரண்டு கட்சி வேட்பாளர்கள், 13 சுயேச்சைகள். வாக்குச்சீட்டு முழ நீளம் இருந்தது. கெஅடிலான் கட்சியின் எஸ். மணிகுமார் 12,632 வாக்குகள் பெற்று வென்றார், ம.இ.கா.வின் எஸ். கணேசனுக்கு 10,229. பெரும்பான்மை 2,403. பதின்மூன்று சுயேச்சைகளும் வைப்புத்தொகையை இழந்தார்கள். சட்டமன்றத்துக்கு அது ஆளுக்கு 5,000 வெள்ளி. மொத்தம் 65,000. அன்று இரவு முடிவு வந்ததும் நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தூங்காமல் கிடந்தேன். அறுபத்தையாயிரம் முறை ஒருவர் கிளினிக் கவுண்டரில் நிற்கும் பணம் அது.

அந்த இரண்டு மாதமும் தார் போட்டார்கள், கோயிலுக்குக் கூரை போட்டார்கள், அரிசி மூட்டை இறங்கியது. டிஸ்பென்சரி மூடிய தோட்டங்களுக்கு என்ன வழி என்று நான் கேட்ட கூட்டங்களில் யாரும் பேசவில்லை. பதிவான வாக்காளர்கள் சுமார் 35,000 பேர். முதல் இருவருக்கும் சேர்ந்து விழுந்தவை 22,861. மிச்சமுள்ளவர்களில் பெரும்பாலோர் வரவேயில்லை. செவ்வாய்க்கிழமை வேலைநாள் என்றார்கள். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. 2018 மே 9ஆம் தேதியும் வார நடுவில் புதன்கிழமைதான், பொது விடுமுறை விட்டார்கள் என்றாலும். அன்று நாடு முழுதும் 82 விழுக்காட்டுக்கு மேல் வந்து நின்றார்கள். தன் ஓட்டால் ஏதோ நடக்கும் என்று தோன்றினால் மனிதன் எந்தக் கிழமையிலும் வருவான்.

கட்டாய மருத்துவக் காப்புறுதிப் பேச்சு எங்கள் வாசலுக்கு வந்தது அந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு. 1கேர் என்று சுகாதார அமைச்சு ஒரு திட்டத்தை வரைந்தது: எல்லோரிடமும் சந்தா பிடித்து ஒரு தேசிய நிதியில் போடுவது, அந்த நிதி டாக்டர்களுக்குப் பணம் கொடுப்பது, ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டுவது. 2012 தொடக்கத்தில் வேண்டாம் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று பசியாறும் கடைகளில் பேசினார்கள். அமைச்சு இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றது. திட்டம் மெல்ல மறைந்தது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. காப்புறுதி எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும் என்ற ஒபாமா காலத்துச் சட்டம் ஐந்துக்கு நான்கு என்று தப்பியது. இரண்டே ஆண்டில், 2014 நவம்பரில், அங்கே காங்கிரஸ் தேர்தலுக்கு வந்தவர்கள் 36 விழுக்காடு. அவர்களுக்கும் தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமைதான். 2017இல் வேறொரு காங்கிரஸ் அந்த அபராதத்தைச் சுழியமாக்கியது. தெருவெல்லாம் சண்டையிட்டுக்கொண்ட ஒரு விஷயத்தை, வராதவர்களுக்கும் சேர்த்து, வந்தவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடித்தார்கள்.

நம் நாட்டில் மருத்துவக் காப்புறுதி உண்மையில் யாருக்குக் கட்டாயமானது தெரியுமா? ஓட்டு இல்லாதவருக்கு. 2011இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களில், தோட்டத்திலும் வீட்டு வேலையிலும் இருப்போரைத் தவிர மற்றவர்களுக்கு, ஒரு கட்டாயக் காப்புறுதித் திட்டம் வந்தது: ஆண்டுக்கு 120 வெள்ளி, 10,000 வெள்ளி வரை ஆஸ்பத்திரிச் செலவு. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1907இல் எங்கள் தாத்தாக்களிடம் கேட்காதது போலவே. எங்கள் பழைய வரிசைகளில் இன்று குலை வெட்டுகிற வங்காளதேசத்துப் பையனைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். கிளினிக் கவுண்டரில் அவனுக்கு ஒரு வெள்ளி செல்லாது. வெளிநாட்டவர் கட்டணம் வேறு. அடையாளக் கார்டு கிடைக்காமல், இங்கேயே பிறந்தும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கு முன்னால் திகைத்து நின்ற தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

சந்தா கட்டாயமாவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு வெள்ளியை வைத்து இன்னும் எத்தனை காலம் ஓட்ட முடியும் என்ற கவலை நியாயமானது. தனியார் காப்புறுதி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். சந்தா எகிறி, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு அந்த உயர்வை மூன்று ஆண்டுகளுக்காவது பரப்பச் சொன்னது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து ஆண்டுச் சீர்திருத்தம் பேசுகிறது. அந்தப் பதினைந்து ஆண்டுக்குள் ஏதோ ஒரு வடிவில் பிடித்தம் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். கடைசியாக மூடிய டிஸ்பென்சரியைப் போல அது ஒரு திங்கட்கிழமை சத்தமில்லாமல் நடந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஓட்டுக்கு இப்போது தடை குறைவு. 2019 ஜூலை 16இல் மக்களவையில் 211 பேர் ஆதரித்துத் திருத்திய அரசியல் சட்டம், 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதினரைத் தானாகவே பட்டியலில் சேர்த்தது. 2022 பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 2 கோடியே 11 லட்சம். வாக்குப்பதிவு 74 விழுக்காட்டுக்கு இறங்கியதும் இளைஞர்களுக்கு அக்கறையில்லை என்று பெரியவர்கள் சலித்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் 2018ஐவிட முப்பது லட்சம் பேர் கூடுதலாக வந்திருந்தார்கள். பட்டியல் பெருத்ததால் விழுக்காடு இளைத்தது. பிள்ளைகளைத் திட்டும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

என் தம்பி மகன் பினாங்கில் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் கார்டில் இன்னும் பழைய தோட்டத்து விலாசம். 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலுக்கு வருகிறாயா என்று கேட்டேன். ஷிப்ட் இருக்கிறது பெரியப்பா, வந்துபோகும் செலவும் இருக்கிறது, வந்து என்ன ஆகப்போகிறது என்றான். நான் டிஸ்பென்சரியைப் பற்றிச் சொன்னேன். அவன் பிறப்பதற்கு முன்பே அது மூடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பார்க்கிறேன் என்றான். வரவில்லை. அந்தத் தேர்தலில் கெடாவின் 36 தொகுதிகளில் 33ஐப் பெரிக்காத்தான் கூட்டணி வென்றது. புக்கிட் செலம்பாவும் அதில் ஒன்று.

அம்மா ஓட்டுப் போட்டார். மறுவாரம் கிளினிக்குக்கும் போனார். அறுபது தாண்டியவர்களுக்கு இப்போது வெளிநோயாளிக் கட்டணம் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த நோட்டைப் பிரித்து, வாவ் பட்டம் மேலே தெரியும்படி கவுண்டரில் வைத்தார். உள்ளே இருந்த பெண், "வேண்டாம்மா, நீங்களே வெச்சிக்கிங்க" என்று தமிழிலேயே சொல்லி அதைத் திருப்பித் தள்ளினாள். அம்மா அதை மறுபடியும் நான்காக மடித்தார். பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் நீட்டி, பினாங்குக்குப் போகும்போது பையனிடம் கொடு என்றார்.