தள்ளிவிட்டவன் குரல்

அம்மைத் தடுப்பூசி ஜென்னரை எல்லாருக்கும் தெரியும். குயில் ஜென்னரைத் தெரியுமோ? கண் திறக்காத குயில் குஞ்சு, கூட்டிலுள்ள மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகுக் குழியில் ஏந்தி வெளியே தள்ளுவதை 1788-லேயே எழுதினார். பலர் நம்பவில்லை.

சரி, போட்டிக்கு ஆளில்லை, ராஜ வாழ்க்கைதானே? அங்கேதான் சிக்கல். வளர்க்கிற கதிர்க்குருவி, திறந்த வாய்களைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும்தான் இரை கொண்டுவரும். இங்கே இருப்பதோ ஒத்தை வாய்!

கேம்பிரிட்ஜின் நிக் டேவிஸ் குழு, குயில் அளவுள்ள வேறொரு பறவைக் குஞ்சைக் கதிர்க்குருவிக் கூட்டில் வைத்துப் பார்த்தது. இரை குறைவாகவே வந்தது. பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்துக் குயில் குஞ்சின் குரலைப் போட்டதும் கூடிவிட்டது. 1998-ல் வெளியான ஆய்வு இது. ஒரு கூடு நிறைய கதிர்க்குருவிக் குஞ்சுகள் கத்துகிற சத்தத்தைப் போட்டபோதும் அப்படியேதான் கூடியதாம்.