டான் ஹட்சன்: ஒரு சாதனையும் ஒரு காலமும்



வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது சிலருக்காவது நினைவிருக்கும். "ஆண்டை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், அந்த ஆண்டில் வேறென்ன நடந்தது என்று பார்த்தால்தான் வரலாறு வரும்." அதற்கு இன்று ஓர் உதாரணம், விளையாட்டு உலகிலிருந்து.

அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். எறியும் பந்தை முன்னால் ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 'டச் டவுன்', ஆறு புள்ளி.

ஆரம்பத்தில் பந்தை முன்னோக்கி எறியவே கூடாது. 1906இல்தான் அனுமதி வந்தது. அப்போதும் பந்து பருமனாக இருந்ததால், மோதித் தள்ளிக்கொண்டு முன்னேறுவதே பெரும்பாலும் ஆட்டம். 1933இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். எறியும் விதியைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டு பந்தும் மெலிந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1935இல், அர்கன்சாஸ் மாநிலத்துப் பைன் பிளஃபில் பிறந்த 22 வயது டான் ஹட்சன் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். கிரீன் பே சிறிய ஊர். அந்த அணிக்கு அன்று ஊர் மக்களே பங்குதாரர்கள்.

முதல் சீசனிலேயே சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிராக ஒரே பந்தில் 83 கெஜம். அந்த ஒரு டச் டவுனால் ஆட்டம் 7–0 என்று முடிந்தது. ஒல்லியான உடம்பு, நல்ல வேகம். வேகத்தைவிடப் பெரிது அவருடைய திட்டம். ஒரு பக்கம் ஓடுவதுபோலப் போக்குக் காட்டி, சட்டென்று மறுபக்கம் திரும்புவார். பந்து எங்கே வரும் என்பது எறிபவருக்கும் அவருக்கும் முன்பே தெரியும். இன்றைய ரிசீவர்கள் பயிலும் ஓட்டப் பாதைகளுக்கு அவரே முன்னோடி.

11 சீசன்களில் 488 முறை பந்தைப் பிடித்தார். அவற்றில் 99 டச் டவுன்கள். 1936, 1939, 1944 ஆகிய மூன்று ஆண்டுகளில் அணி சாம்பியன். 1945இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு எதிராக ஒரே கால்பகுதியில் 29 புள்ளிகள் எடுத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு டச் டவுன், அதோடு காலால் உதைத்து எடுத்த ஐந்து கூடுதல் புள்ளிகள். அன்று ஒருவரே தாக்கவும் தடுக்கவும் வேண்டும். தடுப்பிலும் அவர் கெட்டிக்காரர். அந்த 99ஐ 1989இல்தான் ஸ்டீவ் லார்ஜென்ட் தாண்டினார். 44 ஆண்டுகள்!

இனி, அதே ஆண்டுகளில் வேறென்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஹட்சன் ஆடியது 1935 முதல் 1945 வரை. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. முன்பு இருந்தார்கள்; 1920களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் பொல்லார்ட் நட்சத்திர வீரர், பயிற்சியாளரும்கூட. எந்த ஏட்டிலும் விதியாக எழுதாமலேயே அணி முதலாளிகள் கதவைச் சாத்திவிட்டார்கள். 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்தபோதுதான் அது திறந்தது. ஹட்சன் அவர்களை எதிர்த்து அந்த லீக்கில் ஒருநாளும் ஆடவில்லை. போதாக்குறைக்கு, கடைசி சில ஆண்டுகளில் வீரர்கள் பலர் உலகப் போருக்குப் போய்விட்டார்கள்.

அப்படியானால் அவர் பெரியவர் இல்லையா? பெரியவர்தான். கதவு திறந்து, ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிய பிறகும் அந்த 99 பல்லாண்டு நின்றதே, அதுவே சான்று. ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே இன்னொரு ஹட்சன் நின்றிருந்தாரா என்பதற்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் சொல்லாது. அந்தப் பக்கம் ஏட்டில் காலியாகவே கிடக்கிறது.

1951இல் அவருடைய 14ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவுசெய்தது. 1997இல் அவர் மறைந்தார்.

பிள்ளைகளே, ஒருவரைப் புகழும்போது அவர் காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் அவர் பெருமை குறையாது, கணக்கு நேராகும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்