முருக்க மரத்தூணும் குச்சனூர்க் கொல்லையும்

குச்சனூரில் நம் மாணவர் ஒருவரின் வீட்டிற்கு அண்மையில் சென்றிருந்தோம். வில்வித்தை பயிலும் அவர், கொல்லையிலுள்ள கருங்கற் சுவரில் இலக்கு அட்டையை மாட்டி எய்து பழகி வந்தார். குறி தவறிய அம்புகளுட் சில சுவரில் மோதி முறிந்தன. ஒன்று சுவரைத் தாண்டிச் சென்று, வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குச் சில அடி தொலைவில் விழுந்தது. அன்றே வில்லை உறையிலிட்டுவிட்ட அவர், "பழந்தமிழர் எதை நிறுத்திப் பழகினார்கள், ஐயா?" என வினவினார். விடை தேடி நாம் புறநானூற்றைப் புரட்டினோம்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த அந்நூலின் 169ஆம் பாடல், குதிரைமலைத் தலைவன் பிட்டங்கொற்றனைக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடியது. கோசர்குல இளைஞர் படைக்கலம் பயிலுங்கால் முருக்க மரத்தாலான பெருந்தூணை இலக்காகக் கொண்டு, ஒருவரோடொருவர் போட்டியிட்டு எறிவர். அத்தூணைப் போலப் பகைவர்க்குத் தளராது நிற்பது கொற்றனின் வலிமை என்கிறார் புலவர். 'எறிதல்' வேலுக்கும் 'எய்தல்' அம்புக்கும் உரிய வினைகளாதலின், இதனை வேற்பயிற்சி எனக் கொள்வதே பொருந்தும். எனினும், கூரிய படையைத் தாங்கும் பொருள் எத்தன்மையதாதல் வேண்டும் என்பதற்கு இப்பாடல் நல்ல சான்று.

முருக்கு என்பதை இன்றைய முள்முருங்கை எனக் கொள்வர். மலைத்தோட்டங்களில் மிளகுக்கொடி படர நடப்பெறும் மரம் அது. அதன் கட்டை இலேசானது, மென்மையானது. கல் அம்பை முறிக்கும், அல்லது திருப்பி எறியும். மென்மையான பொருளோ அம்பை உள்ளே வாங்கி, அதன் தண்டைச் சுற்றிலும் பற்றி, உராய்வினால் வேகத்தை அடக்கிவிடும்.

பிறநாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். 1363இல் மூன்றாம் எட்வர்டு மன்னன், விழா நாள்களில் ஆடவர் வில் பழக வேண்டுமென ஆணையிட்டான். அந்நாளைய இங்கிலாந்தில் புல் படர்ந்த மண்மேடுகளே இலக்கைத் தாங்கின. சப்பானியர் மணலோடு மரத்தூளைக் கலந்து, ஈரம் காயாமல் சரிவாக மேடு அமைப்பர்.

குச்சனூரில் நெல்லுக்கும் வைக்கோலுக்கும் குறைவில்லை. ஆகவே வைக்கோலைப் புரியாகத் திரித்து, ஒரு முழத்திற்கு மேற்பட்ட கனத்தில் நெருக்கி அடுக்கி, மரச்சட்டத்தினுள் இறுகக் கட்டச் செய்தோம். மழையில் நனைந்தால் வைக்கோல் மக்கிவிடும். எனவே மேலே ஒரு கீற்றுக்கூரை, அடியில் தரையிலிருந்து சற்றே உயர்த்திய மேடை. நடுப்பகுதி விரைவில் நைந்துபோகும் என்பதால் அதை மட்டும் தனியே மாற்றுமாறு வைத்தோம். இதன் பின்னால், ஆளுயரத்திற்கும் மேலாக, கல் பொறுக்கிய மண்ணால் ஒரு கரை. வைக்கோல் குறி பிழையாத அம்பிற்கு. மண்கரை குறி பிழைத்த அம்பிற்கு.

அதே பாடலில் மற்றோர் உவமையும் உண்டு. பகைவர் படை பெருகி வருங்கால், அகன்ற ஆற்றைக் குறுக்கிட்டுத் தடுக்கும் அணைபோலக் கொற்றன் தன் படையின் பின்னணியைக் காத்து நிற்பானாம். 1895இல் திறக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீரால் விளையும் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. தூணாயினும் அணையாயினும் புலவர் போற்றுவது, தாக்குவதை அன்று, தாங்குவதை.

இம்மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ஆகோட்பூசலில் மாண்ட வீரனுக்கு எடுத்தது. வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட அதே மரபுதான், நாள்தோறும் அடியேற்ற ஒரு மரத்தூணையும் மறவாமல் பாட்டில் வைத்தது.

சென்ற வாரம் மாணவர் மீண்டும் வில்லை எடுத்தார். முதல் அம்பு இலக்கில் படாமல் மண்கரையில் புதைந்தது. அவர் முகத்தில் வருத்தமில்லை. கரைக்கு அப்பால் வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தனர். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.